ராத்திரிச் சாப்பாடும் தூக்கமும்: எங்கிருந்து தொடங்குவது?

ஈரோட்டில் ஒரு சின்ன மருந்துக்கடை நடத்துகிறேன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ராத்திரி எட்டரைக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது மூன்றே சாமான்தான்: நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் ஜெல், கேஸ் மாத்திரை, அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு தூக்க மாத்திரை. மூன்றையும் தனித்தனிக் கோளாறாக நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நிறையப் பேருக்கு மூன்றும் ஒரே தட்டிலிருந்து வருகின்றன.

போன மாதம் ஒரு விசைத்தறித் தொழிலாளி வந்தார், நாற்பது வயது இருக்கும்.

"அண்ணா, தூக்கமே வர மாட்டேங்குதுங்க. லேசா ஏதாச்சும் மாத்திரை இருந்தாக் குடுங்க."

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"கடையில மூணு புரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட்டுங்க."

"எத்தனை மணிக்கு?"

"பத்தேகால் இருக்குமுங்க. அப்புறம் ஒரு டீ குடிச்சேன். பதினொண்ணுக்குப் படுத்துட்டேன்."

தூக்க மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் கொஞ்ச நாள் இதைச் செய்து பாருங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளில் இடம் போதவில்லை. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தாளுநர், பத்து வருடம் தூக்கம் கெட்டுச் சரியானவன். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாம் 'டிபன்' என்று பேர் வைத்திருக்கிறோம். சோறு இல்லை, டிபன்தான், அதனால் லேசான சாப்பாடு என்று நம்பிவிடுகிறோம். ஐந்து தோசை, தேங்காய்ச் சட்னி, மேலே இட்லிப் பொடியும் எண்ணெயும் என்று பத்து மணிக்குச் சாப்பிட்டால், மத்தியானம் சாப்பிட்ட சாம்பார் சாதத்தைவிட அது வயிற்றுக்குக் கனம். நான் கீழே சொல்லப்போகும் முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு நம்பிக்கையை விடுவதில்தான் இருக்கிறது.

சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

தூங்கப் போகும்போது உடம்பின் உள்வெப்பம் மெல்ல இறங்க வேண்டும், அப்போதுதான் தூக்கம் பிடிக்கும். செரிமானம் வெப்பத்தை உண்டாக்கும் வேலை. வயிறு நிறைய வைத்துக்கொண்டு படுத்தால் ஒரு பக்கம் உடம்பு ஆறப் பார்க்கிறது, இன்னொரு பக்கம் அடுப்பு எரிகிறது. கொழுப்பு நிறைந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். உட்கார்ந்திருக்கும்போது கீழே நிற்கிற அமிலம், படுத்ததும் உணவுக்குழாய்க்குள் எளிதாக ஏறும். எரிச்சல் என்று தெரிந்து எழுகிறவர்கள் உண்டு. எதற்கு எழுந்தோம் என்றே தெரியாமல் ராத்திரி நாலைந்து தடவை புரள்கிறவர்களும் உண்டு.

இன்னொன்று, டிரிப்டோபான். பருப்பு, பால், முட்டை, கறி என்று புரதம் இருக்கிற எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கிற அமினோ அமிலம் இது. மூளைக்குள் போய் செரடோனின் ஆகி, அதிலிருந்து தூக்க ஹார்மோனான மெலடோனின் உண்டாகிறது. ஆனால் மூளைக்குள் போகிற வாசலில் வேறு சில அமினோ அமிலங்களும் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். மாவுச்சத்துச் சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும், அது அந்த மற்ற கூட்டத்தைத் தசைகளுக்குள் அனுப்பிவிடும், டிரிப்டோபானுக்கு வழி கிடைக்கும். அதனால் ராத்திரியில் புரதமும் வேண்டும், மாவுச்சத்தும் வேண்டும். வெறும் சிக்கனை மட்டும் தின்றாலும் சரி, சட்னி தொட்டு வெறும் இட்லியைத் தின்றாலும் சரி, பாதிதான் சாப்பிட்ட மாதிரி.

முதல் படி: ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தலைமாட்டில் இல்லை, சமையலறையில் வையுங்கள். காலையில் எழுந்ததும் நேற்றைய ராத்திரியைப் பற்றி நாலு வரி: எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடித்தீர்கள், என்ன, எவ்வளவு (தோசை என்றால் எத்தனை, எண்ணெய் விட்டதா, தொட்டுக்கொள்ள என்ன), கடைசிக் காபியோ டீயோ எப்போது, தூக்கம் பிடிக்கக் குத்துமதிப்பாக எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் எத்தனை முறை, எதற்காக எழுந்தீர்கள். தாகமா, சிறுநீரா, எரிச்சலா, சும்மாவா என்பது முக்கியம். கடைசியாக, எழுந்தபோது உடம்பு எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண்.

ராத்திரி கடிகாரம் பார்த்து நிமிடக் கணக்கு எழுத வேண்டாம். மணி பார்க்கப் பார்க்கத் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். குத்துமதிப்பு போதும்.

என் நோட்டில் முதல் வாரத்தில் தெரிந்த விஷயம், ஏழு நாளில் மூன்று நாள் இரண்டு மணி சுமாருக்குத் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறேன். மூன்றுமே வெளியிலிருந்து வாங்கிவந்து சாப்பிட்ட நாட்கள். பத்து வருடமாக எனக்கு 'ராத்திரி வாய் உலரும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், சர்க்கரை கூடப் பரிசோதித்துப் பார்த்தேன். நோட்டு இல்லாவிட்டால் இந்தச் சேர்க்கை என் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாம் படி: நேரம்

சாப்பிட்டு முடிப்பதற்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரம். குறைந்தது இரண்டு. சாப்பாட்டில் எதையுமே மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும், அதனால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு ஆண்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2007இல் வெளியானது. சர்க்கரையை வேகமாக ஏற்றுகிற ஜாஸ்மின் அரிசிச் சோற்றைப் படுப்பதற்கு நாலு மணி நேரம் முன்னால் சாப்பிட்ட நாளில் சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினார்கள். சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிற அரிசியில் 17.5 நிமிடம் ஆனது. அதே ஜாஸ்மின் சோற்றைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட்டால் 14.6 நிமிடம். பன்னிரண்டு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் இரண்டு விஷயத்துக்காக இதைச் சொல்கிறேன். ராத்திரி சோறு சாப்பிட்டால் தூக்கம் கெடும் என்பது தப்பு, சப்பாத்திக்கு மாறினால்தான் தூக்கம் வரும் என்பதும் இல்லை. அதே சோறு, அதே ஆட்கள், நேரத்தை மட்டும் மாற்றினால் பலன் மாறுகிறது.

சரி, கடையை ஒன்பதரைக்குப் பூட்டுகிறவன் ஏழரைக்கு எப்படிச் சாப்பிடுவது? இதுதான் எல்லோரும் என்னிடம் கேட்பது, நானும் வருடக்கணக்கில் இதையே காரணமாகச் சொன்னவன்தான். வழி, சாப்பாட்டை இரண்டாகப் பிரிப்பது. பெரிய பங்கை வேலை இடத்திலேயே ஆறரை, ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தின்கிற போண்டா, பஜ்ஜிக்குப் பதிலாக இதைச் சாப்பிடுங்கள். அந்த பஜ்ஜிதான் பசியை ஒன்பது மணி வரை தள்ளிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் பசித்தால் மட்டும் ஒரு டம்ளர் மோர், இல்லை ஒரு வாழைப்பழம், இல்லை ஒரு இட்லி.

எங்கள் வீட்டில் இதற்கு முதலில் எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. ராத்திரி ஒரு வேளைதான் நாலு பேரும் ஒன்றாக உட்கார்கிறோம், அதிலும் நீங்கள் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தால் என்ன அர்த்தம் என்று என் மனைவி கேட்டார். அதனால் நான் உட்காருவதை நிறுத்தவில்லை. ஏழு மணிக்கு டிபன் பாக்ஸில் சாப்பிட்டுவிடுகிறேன், பத்து மணிக்கு அவர்களோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் ரசம் குடிக்கிறேன். 

மூன்றாம் படி: எண்ணெயை அளந்து பாருங்கள்

குறைக்கச் சொல்லவில்லை, முதலில் அளக்கச் சொல்கிறேன். ஒரு நாள் தோசை ஊற்றுவதற்கு முன் ஒரு சின்ன டம்ளரில் எண்ணெயை எடுத்து, அளவு பார்த்து வைத்தோம். என் மனைவி வழக்கம்போல ஊற்றினார், ஓரத்தில் சுற்றிவிட்டார், திருப்பிப் போட்டு மறுபடி கொஞ்சம். நான் சாப்பிட்டது ஐந்து தோசை. முடிந்ததும் பார்த்தால் என் பங்குக்கு மட்டும் ஐந்து டீஸ்பூன் போயிருந்தது, அதாவது 25 மில்லி. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு முழு நாளைக்குச் சொல்கிற எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். ஒரு நாள் கணக்கில் பெரும்பங்கு ராத்திரி ஒன்பதே முக்கால் மணிக்கு, பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. பொடிக்கு ஊற்றின நல்லெண்ணெயும் சட்னித் தேங்காயும் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இது வெறும் எடை விஷயம் இல்லை. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஆய்வகத்தில் தூங்க வைத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. ஊட்டச்சத்து நிபுணர் அளந்து கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்ட நாட்களில் சராசரியாக 17 நிமிடத்தில் தூங்கிப்போனார்கள். பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்று விட்ட நாளில் 29 நிமிடம். நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெய், தேங்காயில் இருக்கிற மாதிரி) கூடிய நாளில் ஆழ்ந்த தூக்கம் குறைந்தது, நார்ச்சத்து கூடிய நாளில் அது கூடியது, சர்க்கரை கூடிய நாளில் நடுவில் விழிப்புகள் அதிகம். ஒரே நாளின் சாப்பாடு அதே ராத்திரியில் தெரிந்தது என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், தோசை நாட்களைக் குறைத்து இட்லி, இடியாப்பம், எங்கள் பக்கத்துச் சந்தகை மாதிரி ஆவியில் வேகிற சாமான்களை ராத்திரிக்கு வையுங்கள். தோசைதான் வேண்டுமென்றால் இரண்டு, எண்ணெய் தொட்ட துணியால் கல்லைத் துடைத்து ஊற்றியது. தேங்காய்ச் சட்னியைக் காலைக்கு மாற்றிவிட்டு ராத்திரிக்குச் சாம்பார் வையுங்கள். புரோட்டா, பிரைடு ரைஸ், பிரியாணி எல்லாம் மத்தியானச் சாப்பாடு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடும் பிரியாணி, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிற மாதிரி தூக்கத்தைக் கெடுக்காது.

நாலாம் படி: தட்டில் என்ன இருக்க வேண்டும்

மூன்று பொருள். மாவுச்சத்து ஒன்று, பருப்போ முட்டையோ மீனோ ஒன்று, காய் ஒன்று. நம் டிபனில் முதலாவது தாராளமாக இருக்கும், மற்ற இரண்டும் பேருக்குத்தான். ஒரு இட்லியில் சுமார் இரண்டு கிராம் புரதம் இருக்கும். மூன்று இட்லியைத் தண்ணிச் சட்னியோடு சாப்பிட்டால் ஒரு முட்டையில் இருக்கும் புரதம்தான் கிடைக்கும். அதனால்தான் ஒன்பது மணிக்கு ஐந்து இட்லி சாப்பிட்டவருக்கு விடியற்காலையில் பசித்து விழிப்பு வருகிறது. சாம்பாரைத் தொட்டுக்கொள்வதை விட்டு, ஒரு கிண்ணம் ஊற்றிச் சாப்பிடுங்கள். முருங்கைக்காய், சுரைக்காய், பூசணிக்காய் என்று காய் அதிகமாகப் போட்ட, பருப்பு கெட்டியான சாம்பார்.

என்னைக் கேட்டால் ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இல்லை என்று அரிசிம்பருப்புச் சோற்றைத்தான் சொல்வேன். கொங்கு நாட்டில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம், மஞ்சள், காரத்துக்கு இரண்டு மிளகாய், எல்லாம் ஒரே குக்கரில். நெய் ஒரு டீஸ்பூன் போதும், வழக்கமாக ஊற்றுகிற குழிக்கரண்டி வேண்டாம். கூடவே அவரைக்காய்ப் பொரியலோ பீர்க்கங்காய்க் கூட்டோ. மாவுச்சத்து, புரதம், நார்ச்சத்து மூன்றும் ஒரு தட்டில் வந்துவிடும், டிபன் பாக்ஸில் ஏழு மணி வரை கெடாமலும் இருக்கும். நான் வாரத்தில் மூன்று நாள் இதைத்தான் எடுத்துப் போகிறேன். மற்ற நாட்களில் சப்பாத்தியும் பச்சைப்பயறு கடைசலும், இல்லையென்றால் இட்லியும் கெட்டிச் சாம்பாரும்.

ஒரு எச்சரிக்கை. நார்ச்சத்து நல்லது என்று கேட்டுவிட்டு முதல் நாளே ராத்திரி ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டு, வயிறு உப்பித் தூங்காமல் கிடந்து, இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா எல்லாம் பகலில் சாப்பிட வேண்டியவை. ராத்திரிக்குப் பாசிப்பருப்பு, துவரம்பருப்பு. நார்ச்சத்து பழக்கமில்லாத வயிறு என்றால் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கீரை ராத்திரி கூடாது, தயிர் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கீரை செரிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிற வீட்டில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருக்கிறது. ஏழு மணிக்குச் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மோர் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

பால்? ஒரு டம்ளர் பாலில் இருக்கிற டிரிப்டோபான் அளவு மிகக் கொஞ்சம், அதுவே மருந்து மாதிரி தூங்க வைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் வெதுவெதுப்பாக எதையோ குடித்துவிட்டுப் படுப்பது, படுக்கிற நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குப் பழக்கிவிடும். பிடித்தால் அரை டம்ளர், சர்க்கரை போடாமல். பால் குடித்தால் வயிறு இரைகிறவர்கள் கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: காரமும் உப்பும்

காரத்தைப் பற்றி ஆஸ்திரேலியாவிலிருந்து 1992இல் ஒரு ஆய்வு வந்தது, ஆறு இளைஞர்களை வைத்து. ராத்திரிச் சாப்பாட்டில் மிளகாய்ச் சாஸும் கடுகும் சேர்த்த நாட்களில் தூக்கம் பிடிக்க நேரமானது, தூங்கின முதல் கட்டத்தில் உடம்பு வெப்பமும் கூடியிருந்தது. மிளகாயில் பழகின நம் வயிற்றுக்கு அவ்வளவு தெரியுமா என்று கேட்கலாம். எரிச்சல் இல்லாதவர்கள் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எரிச்சல் இருக்கிறவர்கள் ராத்திரிக் குழம்பில் மிளகாயைப் பாதியாக்குங்கள், புளியையும் குறையுங்கள்.

உப்பு வேறு கதை. ராத்திரி சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று தடவை எழுகிறவர்கள் தண்ணீரைத்தான் குறைக்கிறார்கள். உப்பை யாரும் யோசிப்பதில்லை. ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017இல் சொன்ன கணக்கு இது: ஒரு நாள் உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் ராத்திரியில் எழுவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. உப்பு கூடினவர்களுக்கு 2.3 என்பது 2.7 ஆனது. நம் ராத்திரித் தட்டில் உப்பு எங்கே இருக்கிறது? ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடைச் சால்னா. பக்கத்தில் தொட்டுக்கொள்கிற சாமான்தானே என்று நினைப்போம், ஆனால் அங்கே உப்பு நிறைய இருக்கிறது. இந்த ஐந்தையும் ராத்திரித் தட்டிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு வாரம் நோட்டைப் பாருங்கள். என்னுடைய இரண்டு மணித் தாகம் இதில்தான் போனது.

ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சாயங்காலம் போடுகிறீர்களா என்று பாருங்கள். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

ஆறாம் படி: காபி, டீ, சாராயம்

உடம்புக்குள் போன காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு ஏழு மணி நேரம் கூட. ஆறு மணிக்குக் குடித்த பில்டர் காபியின் பாதி, பதினொரு மணிக்கு நீங்கள் விளக்கணைக்கும்போது உள்ளே இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்குப்படி 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு ஆய்வில் 400 மில்லிகிராம், அதாவது நாலு டம்ளர் அளவு, படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் கொடுத்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது.

"நான் காபி குடிச்சாலும் தூங்கிடுவேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தூங்கிவிடுவார்கள், ஆனால் ஆழம் குறையும், காலையில் களைப்போடு எழுவார்கள், அதற்கு இன்னொரு காபி. கடைசிக் காபி, டீ மூன்று மணிக்கு. ஒரே நாளில் முடியாது, வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னே இழுங்கள். கடையிலிருந்து ஒரு தகவல்: தலைவலிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளிலும் காஃபின் சேர்ந்திருக்கும். சாயங்காலம் அதைப் போட்டுவிட்டு ராத்திரி விழித்திருப்பவர்கள் உண்டு. வாங்கும்போது கேளுங்கள்.

சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கமும் விட வேண்டியது, அது உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு ராத்திரி படுத்ததும் கால் குடைச்சல், காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போன்ற தவிப்பு வருவதுண்டு. பெண்கள் நிறையப் பேர் இதை வெறும் அசதி என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சாராயம் முதலில் சீக்கிரம் சாய்த்துவிடும், பின்பாதித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், குறட்டையையும் கூட்டும். தூக்க மாத்திரையோடு அதைச் சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

சாப்பிட்ட பிறகு

உடனே சாயாதீர்கள், சோபாவிலும்தான். பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் மெதுவாக நடந்தால் போதும். எரிச்சல் இருக்கிறவர்கள் இடது பக்கம் சரிந்து படுங்கள், அந்தப் பக்கத்தில் அமிலம் மேலே ஏறுவது குறைவு. தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தும். அதற்குப் பதில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ராத்திரி ஒன்றரை மணிக்கு நெஞ்சு எரிந்து, வியர்த்து, கடையில் இருக்கிற ஜெல்லைக் குடித்துக்கொள்ளலாம் என்று நானே நினைத்தேன். என் தம்பி கேட்கவில்லை, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, இதயத்தில் ஒன்றுமில்லை, அமிலம்தான் என்றார்கள். எனக்கு அமிலமாக இருந்தது. அடுத்தவருக்கு மாரடைப்பாக இருக்கலாம். நெஞ்சில் பாரம், வியர்வை, கையிலோ தாடையிலோ பரவும் வலி என்றால் கேஸ் என்று முடிவு கட்டாமல் உடனே போங்கள்.

யார் இதை அப்படியே செய்யக்கூடாது

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைப்பதும் நேரத்தை மாற்றுவதும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் வியர்த்து, நெஞ்சு படபடத்து எழுவார்கள். அதைத் தூக்கக் கோளாறு என்று நினைத்துவிடும் அபாயம் இருக்கிறது. சிட்னி ஆய்வைப் படித்துவிட்டுச் சர்க்கரை நோயாளி வெள்ளைச் சோற்றைக் கூட்டுவதும் தப்பு. கர்ப்பிணிகள் ஒரே வேளையாக இல்லாமல் சின்னச் சின்னப் பங்காகச் சாப்பிட வேண்டும், பட்டினி கூடாது. பலமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவது என்று இருந்தால் அது சாப்பாட்டை மாற்றிச் சரியாகிற விஷயம் இல்லை.

ராத்திரி ஷிப்டுக்காரர்கள் 'ராத்திரி' என்று நான் எழுதின இடத்திலெல்லாம் 'படுப்பதற்கு முன்' என்று படித்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி கேன்டீனில் சாப்பிடுவதைவிட ஷிப்ட் தொடங்கும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இடையில் பழமோ சுண்டலோ கொஞ்சம், காலையில் வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி, படுக்கை. ஷிப்டின் பின்பாதியில் காபி வேண்டாம்.

எப்போது தெரியும்?

ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான். முதல் வாரம் வெறுமனே எழுதுவது, இரண்டாவது நேரம், மூன்றாவது எண்ணெய், இப்படியே. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, பத்து நாளில் சலித்துப்போய் மொத்தமாக விட்டுவிடுவீர்கள். நடுவில் கல்யாண வீடு, கோயில் விருந்து வரும். போய்ச் சாப்பிடுங்கள், அதையும் நோட்டில் எழுதுங்கள், மறுநாள் பழையபடி தொடருங்கள்.

ஆறு வாரத்தில் தூக்கம் பிடிக்கும் நேரமும் நடுராத்திரி விழிப்பும் ஓரளவாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தூக்கமில்லை, இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் மாத்திரைதான் முதல் சிகிச்சை என்று நினைக்க வேண்டாம், படுக்கைப் பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய பயத்தையும் மாற்றுகிற நடத்தைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை தடவை எழுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் அவர் முதலில் கேட்பார்.